பதினோரு அடி நீளத்தில் ஒரு புதுக்குளம்

நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு இப்போது கைபேசிச் செயலி ஒன்று வந்திருக்கிறது. சாலையில் குழி விழுந்தால் மக்கள் படம் எடுத்து அதில் ஏற்றலாம். அடைத்த பிறகு அலுவலகம் இன்னொரு படம் ஏற்ற வேண்டும். இரண்டு படமும் ஒரே இடத்தில் எடுத்தவைதானா என்று வானத்தில் சுற்றும் ஏதோ ஒன்று பார்த்துச் சொல்லிவிடுமாம். அந்த வானத்துச் சங்கதி என் காலத்தில் இல்லாமல் போனது நான் செய்த புண்ணியம்.

போன மாதம், அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பொறியாளர் எனக்குப் போன் செய்தார். செயலியில் குழியின் வகை என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். சிறியது, நடுத்தரம், பெரியது, பிற. பிற என்றால் என்ன அண்ணாச்சி என்று கேட்டார். குளம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அந்தக் கதையை அலுவலகத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், நீங்களே எழுதித் தந்தால் என்ன என்றார். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கேட்டுவிட்டார், இனி அவர் பாடு.

நான் சாலை ஆய்வாளனாக இருந்தவன். பெயரைக் கேட்டால் ஏதோ விஞ்ஞானி மாதிரி இருக்கும். பொறியாளர் காகிதத்தில் போட்ட கோட்டைத் தரைக்குக் கொண்டுவருவதும், தரையில் நடக்காததைக் காகிதத்தில் நடந்ததாகக் காட்டுவதும் எங்கள் வேலை. முப்பத்துநான்கு வருடம் அதைச் செய்தேன். முதல் வருடத்தில் குழி அடைக்கக் கற்றுக்கொண்டேன். மீதி வருடங்களில், ஏன் அடைக்கவில்லை என்று எழுதக் கற்றுக்கொண்டேன்.

குழி அடைப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு கூடை ஜல்லியைக் கொட்டி மண்வெட்டியால் தட்டினால் குழி அடைபட்டுவிடும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாலு பஸ் போனதும் ஜல்லி ஓரத்து வீட்டு முற்றத்தில் கிடக்கும். முறை வேறு. குழி எந்த வடிவத்தில் விழுந்திருந்தாலும் அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டும். சுவர்கள் நேராக நிற்க வேண்டும், சரிவாக இருக்கக் கூடாது. அடியில் சேறு இருந்தால் கெட்டி மண் வரும்வரை தோண்ட வேண்டும். தூசி பெருக்கி, ஜல்லி பரப்பி இறுக்கி, பக்கச் சுவரில் தார் பூசி, தார்க்கலவையைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். கடைசியில் சாலை மட்டத்தைவிட ஒரு விரல் உயர்ந்து நின்றால் வண்டி ஓடி ஓடித் தானே சமமாகும்.

இதில் மக்களுக்குப் பிடிபடாதது அந்த வெட்டுகிற கட்டம்தான். சட்டி அகலத்தில் கிடந்த குழியை நாங்கள் வந்து பாய் அகலத்துக்கு ஆக்கிவிட்டுப் போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் எரியாது? அடைக்க வந்தார்களா, பெரிதாக்க வந்தார்களா என்று கேட்காத ஊர் இந்த மாவட்டத்தில் இல்லை. கலவை அன்றைக்கே வந்துவிட்டால் ஏச்சு சாயங்காலத்தோடு தீரும். வராவிட்டால் தீராது.

நான் ஓய்வு பெற ஐந்து வாரம் இருக்கும்போது, ஐப்பசி மழையில், ராஜாக்கமங்கலம் போகும் வழியில் ஓலைக்கட்டுவிளை வளைவில் சாலை உள்வாங்கியது. அடியில் போன குடிநீர்க் குழாய் கசிந்து மண் கரைந்துவிட்டது. நானும் எங்கள் சாலைப் பணியாளர் பொன்னையாவும் மற்ற ஆட்களும் போய் முறைப்படி கட்டம் போட்டு வெட்டினோம். சேறு போகப் போக ஆழம் போனது. முடித்தபோது நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நின்றது. பக்கத்தில் ஜல்லியைக் குவித்தோம். மறுநாள் கலவை வர வேண்டும். மழையைக் காரணம் காட்டிக் கலவைக் கூடத்தை மூடிவிட்டார்கள். மழையும் குழாயும் சேர்ந்து எங்கள் குழியை நிறைத்தன. நாலு நாள், எட்டு நாள், பதினைந்து நாள் என்று போனது. பாதிச் சாலையில் போக்குவரத்து, பாதிச் சாலையில் தண்ணீர்.

எங்கள் அலுவலகத்தின் உதவிக் கோட்டப் பொறியாளர் அப்போது சபாபதி ஐயா. வடக்கே ஒரு மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருக்கும் எனக்கும் நடுவே இருக்க வேண்டிய உதவிப் பொறியாளர் பணியிடம் காலி. அதனால் மேலிருந்து விழுவதெல்லாம் நேராக என் தலையில் விழுந்தது. அவர் சத்தம் போட மாட்டார். பேனாவின் மூடியைக் கழற்றி மேசைமேல் நிமிர்த்தி வைப்பார். மூடி நின்றுவிட்டால் யாருக்கோ விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருகிறது என்று அர்த்தம். எதைச் சொன்னாலும், "எழுத்தில் கொடுங்க" என்பார். ஐயா, ஜீப் தயார் என்றால்கூட எழுத்தில் கேட்பார் என்று ஓட்டுநர் சொல்வார். பலகைமேல் அவருக்கு அபார நம்பிக்கை. எங்கே வேலை நின்றாலும் உடனே ஒரு பலகை வைக்கச் சொல்வார். பலகை நின்றுவிட்டால் அவரைப் பொறுத்தவரை வேலை நடக்கிறது. ஓலைக்கட்டுவிளையிலும் ஒன்று வைத்தோம். "சாலைப் பணி நடைபெறுகிறது. மாற்றுப் பாதையில் செல்லவும். பணி முடியும் நாள்:" அதற்கப்புறம் வெறும் கோடு. கடைசி வரியில், "சிரமத்திற்கு வருந்துகிறோம்."

பதினாறாம் நாள் காலையில் அங்கே இன்னொரு பலகை நின்றது. பச்சை வண்ணம், வெள்ளை எழுத்து, குழியின் கரையில் கம்பம் நட்டு நிமிர்ந்து நின்றது.

"அறிவிப்பு. ஓலைக்கட்டுவிளை புதுக்குளம். நீளம் பதினோரு அடி. அகலம் எட்டு அடி. ஆழம் இரண்டேகால் அடி. இக்குளத்தில் குளிப்பதும் கால்நடைகளைக் குளிப்பாட்டுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. மீன்பாசி ஏலம் விரைவில்."

தண்ணீரில் நாலு தாமரை மிதந்தது. தேநீர்க் கடையில் இடமில்லாத கூட்டம். பொன்னையா சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எழுத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டம். மாவட்டத்தில் அப்படி எழுதுகிறவன் ஒருவன்தான். அவன் பெயர் செல்வின். அந்த ஊர்க்காரன்தான். மஸ்கட்டில் பத்து வருடம் பெயிண்டராக இருந்து, கம்பெனி மூடியதில் திரும்பி வந்து, இரண்டு வருடமாகப் பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தான். எங்கள் அலுவலகத்துப் பலகைகளை எழுதியவனும் அவன்தான்.

ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் அதுவரை அந்தக் குழியை நேரில் பார்த்திராத சபாபதி ஐயா, அன்று பகலில் கடற்கரைப் பக்கம் ஒரு பாலம் பார்க்க அந்த வழியே போனார். ஜீப் கண்ணாடி ஏற்றியிருந்தது, வெளியே மழை. அவர் கண்ணில் பட்டது பலகையின் மேல் இரண்டு வரி, நாலு பக்கமும் நேராக வெட்டிய கரை, தாமரை. பழைய மாவட்டத்தில் சாலையோர மண் ஏரிக்குள் சரிந்ததற்கு அவர் நீதிமன்றப் படி ஏறியவர். சூடு கண்ட பூனை. ஜீப்பை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை நாலு விரல் இறக்கி, பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், இங்கே எப்போதும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறார்.

"எப்பளும் வெள்ளம்தான் சாரே. வெயிலடிச்சாலும் வத்தாது," என்றிருக்கிறார் அந்த அம்மாள்.

எங்கள் ஊரில் செம்பில் இருந்தாலும் வெள்ளம், குளத்தில் இருந்தாலும் வெள்ளம். குடிக்க வெள்ளம் தா என்றுதான் கேட்போம். அவருடைய ஊரில் வெள்ளம் என்றால் படகில் வந்து ஆட்களை மீட்பது. வெயிலிலும் வற்றாத வெள்ளம் உள்ள குளம், அதில் பாதி சாலைக்கு அடியில் போய்விட்டது. அந்தக் காலத்தில் எவனோ குளத்தை மூடிச் சாலை போட்டிருக்கிறான், மீதியையும் மூடத்தான் இந்த ஆய்வாளன் ஜல்லியைக் குவித்து வைத்திருக்கிறான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அரசாங்கத்தில் எதையும் இவ்வளவு சீக்கிரம் விளங்கிக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். அந்த நீர்நிலையில் ஒரு கூடை ஜல்லி விழக் கூடாது என்றார். குளத்தின் எல்லையைக் கேட்டு மூன்று அலுவலகங்களுக்குக் கடிதம் போய்விட்டது என்றார்.

"ஐயா, அது குளமில்ல. நாம வெட்டின குழி," என்றேன்.

"எழுத்தில் கொடுங்க."

கொடுத்தேன். அதைப் படித்தபோது அவருடைய காது சிவந்ததைப் பார்த்தேன். நாலாம் நாள் ஒரு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அப்படியொரு குளம் தங்கள் பட்டியலில் இல்லை என்றும், இருக்குமானால் முறைப்படி ஒப்படைக்கும்படியும் கேட்டிருந்தார்கள். அதற்குள் பலகையின் படம் எங்கள் அலுவலகத்துக் கைபேசிகளில் எல்லாம் ஏறியிருந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர், அவர் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது, ஐயா வெள்ளம் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தார்.

அன்றைக்குத்தான் பேனா மூடி நிமிர்ந்து நின்றது. அது போலி அரசு அறிவிப்பாம். பச்சையில் வெள்ளை எழுத்து அரசாங்கத்துக்கே உரியதாம். அரசு அதிகாரியை ஏமாற்றி, நடந்துகொண்டிருந்த பணியைத் தடுத்திருக்கிறார்களாம். நடந்துகொண்டிருந்த பணி என்று அவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். போலீசில் புகார் கொடுக்கப் போவதாகவும், கள அறிக்கை இல்லாமல் புகார் நிற்காது என்பதால் அதை நான் தர வேண்டும் என்றும் சொன்னார்.

"யார் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியும். பேரைப் போட்டு நாளை மறுநாள் எழுத்தில் கொடுங்க. இல்லேன்னா நான் உங்களுக்கு எழுத்தில் கொடுப்பேன். ஓய்வு பெறப் போற ஆளு, யோசிங்க."

விசாரணை நிலுவையில் இருந்தால் ஓய்வு நாளில் கழுத்துக்கு மாலை கிடையாது, ஓய்வும் கிடையாது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், பெயரை எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். விளையாட்டு செய்தவன் அவன், அனுபவிக்கட்டும், எனக்கென்ன என்று தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் கொட்டாரம் ஊரில் இருக்கும் என் வீட்டுக்குச் செல்வினின் மனைவி சுகந்தி வந்தார். புகார் விஷயம் அதற்குள் அவர்கள் ஊருக்கு எட்டியிருந்தது, பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செல்வினுக்கு மஸ்கட்டில் வேறொரு கம்பெனியில் விசா வந்திருக்கிறதாம். போலீஸ் நற்சான்று ஒன்றுதான் பாக்கியாம். விண்ணப்பம் ஸ்டேஷனில் இருக்கிறது. அதே ஸ்டேஷனுக்கு எங்கள் புகாரும் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

"அண்ணாச்சி, எனக்க மாப்பிள்ளைக்கு எழுத்துதான் நேரா வரும், புத்தி வராது. பதினஞ்சு நாளா எல்லாரும் அந்தக் குழியில வந்து விழுகாவ, ஒருத்தனும் கேக்கல. சிரிச்சாலாவது கேப்பாவளான்னு எழுதி வச்சாவ. ரெண்டு வருசமா வீடு மேல கான்கிரீட்டு இல்லாம நிக்கி. நீங்க அவியளுக்க பேர எழுதினா எங்களுக்க அடுப்புல வெள்ளம் ஊத்தின மாதிரி."

நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். முப்பத்துநான்கு வருடம் பொதுமக்களிடம் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாகவே வந்துவிட்டது. சுகந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி அண்ணாச்சி என்று போனார்.

கள அறிக்கை என்றால் இடத்தைப் பார்த்து, அளந்து எழுத வேண்டும் என்பது விதி. விதிப்படி நான் அளந்து எழுதியது என் வாழ்நாளில் ரொம்பக் குறைவு. போலீசுக்குப் போகிற காகிதம் என்பதால் பயந்துபோய் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு முனையைப் பொன்னையா பிடித்தார். நீளம் பார்த்தேன், பதினோரு அடி. அகலம் பார்த்தேன், எட்டு. கம்பை விட்டு ஆழம் பார்த்தேன், இரண்டேகால். மூன்றும் பலகையில் இருந்தபடியே இருந்தன.

"அண்ணாச்சி, மீனும் கெடக்கு," என்றார் பொன்னையா. குனிந்து பார்த்தேன். விரல் நீளத்தில் இரண்டு குரவை மீன் தாமரைக்கு அடியில் போனது. எவனோ வயலிலிருந்து பிடித்து விட்டிருக்க வேண்டும்.

நிமிர்ந்தபோது இருபது அடி தள்ளி எங்கள் பலகை நின்றது. அதே வட்டப் புள்ளி, அதே முத்து எழுத்து. கையில் டேப்பும் காகிதமும் இருந்ததால் அதையும் படித்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு என்ன துணிச்சலோ, அங்கேயே ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன்.

"ஐயா அவர்களின் உத்தரவுப்படி இடம் பார்வையிடப்பட்டது. அங்கே இரண்டு பலகைகள் உள்ளன. முதல் பலகையில் கண்ட நீளம், அகலம், ஆழம் மூன்றும் டேப் வைத்து அளந்ததில் சரியாக உள்ளன. நீர் உள்ளது. மீன் உள்ளது. யாரும் குளிக்கவில்லை, ஆகவே தடை நடைமுறையில் உள்ளது. எந்த அலுவலகத்தின் பெயரும் முத்திரையும் அதில் இல்லை. ஏலம் மட்டும் இன்னும் நடைபெறவில்லை. இரண்டாவது பலகை நமது அலுவலகத்தினுடையது. அதில் பணி நடைபெறுவதாகக் கண்டுள்ளது. இருபது நாட்களாகப் பணி நடைபெறவில்லை. மாற்றுப் பாதையில் செல்லவும் எனக் கண்டுள்ளது. மாற்றுப் பாதை இல்லை. முடியும் நாள் எழுதப்படவில்லை. வருந்துகிறோம் எனக் கண்டுள்ளது. யார் வருந்தியது என விசாரித்ததில் தெரியவரவில்லை. பொய்யான அறிவிப்பு வைத்ததாகப் புகார் அளிக்கும்பட்சத்தில், காவல்துறையினர் இவற்றில் எதைக் கைப்பற்றுவார்கள் என்பதை ஐயா அவர்களின் மேலான கவனத்துக்குப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்."

மறுநாள் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.  அவர் மூடியைக் கழற்றி நிமிர்த்தி வைத்துவிட்டுப் படித்தார். ஒரு தடவை படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மின்விசிறி காற்றில் பேனா மூடி விழுந்து உருண்டது. அவர் எடுக்கவில்லை.

"பேரு எங்கே?" என்றார்.

"ரெண்டு போர்டுக்கும் சேத்துதான் எழுதணும் ஐயா. இதுல அவன் பேரப் போட்டா, அதுல யாருக்க பேரப் போடணும்னு தெரியல."

உருண்ட மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டினார். பிறகு காகிதத்தை நாலாக மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"இதை எழுத்தில் கொடுக்க வேண்டாம்," என்றார்.

என் சர்வீசில் நான் கேட்ட ஒரே நல்ல உத்தரவு அது. நான் வெளியே வரும்போது உள்ளே அவர் கலவைக் கூடத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தார். மழையில் இருபது நாள் திறக்க முடியாத கூடம், அதே மழையில் ஒரே போனில் திறந்தது. இரண்டாம் நாள் குழாயைச் சரிசெய்தார்கள், மூன்றாம் நாள் குழி அடைபட்டது. குரவை மீனைப் பொன்னையா வாளியில் அள்ளி வாய்க்காலில் விட்டார். தார் இடிக்கும்போது ஊர்க்காரர்கள் சுற்றி நின்று, புதுக்குளத்தை ஆக்கிரமிக்கிறார்கள் என்று கேலி செய்தார்கள். சபாபதி ஐயா என் பிரிவு விழாவில், நான் மிகவும் கவனமாக அளக்கக் கூடியவன் என்று பேசினார். கைதட்டினார்கள்.

செல்வினுக்கு நற்சான்று கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைப் பார்க்க வந்தான். நான் நன்றாக ஏசினேன். உன் தமாசுக்கு என் மாலை போகப் பார்த்தது, உன் வீட்டுக் கான்கிரீட் போகப் பார்த்தது, அறிவிருக்கா மக்கா என்று கேட்டேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். போகும்போது வாசலில் நின்றான்.

"அண்ணாச்சி, டேப்பு வச்சு அளந்தியளாமே. சரியா இருந்துதா?"

"அரை விரல் மாறல. வெளையாட்டுக்கு எழுதுற போர்டுக்கு எதுக்குலே அவ்வளவு கணக்கா அளந்த?"

"உங்களுக்க போர்டு எழுதும்போ நீங்க சொன்னத எழுதினேன். இதுக்குச் சொல்லித்தர ஆளில்ல. அதான் அளந்து எழுதினேன்," என்றான். குத்திக்காட்ட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

சிரித்து அனுப்பி வைத்தேன். அவன் போன பிறகுதான் அது உறைத்தது. எங்கள் பலகைகளுக்கெல்லாம் வாசகம் சொன்னவன் நான்தான். கடைசி வரி காலியாக இருக்கிறதே, என்ன எழுதட்டும் என்று அவன் தூரிகையோடு நின்று கேட்டபோது, வருந்துகிறோம் என்று எழுது, பார்க்க நன்றாக இருக்கும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை.